நோக்கம் என்ற கட்டம்

ஜெலுத்தோங் அடுக்குமாடியின் காவல் கூண்டில்
நூலில் தொங்குகிறது ஒரு பேனா.
பெயர், அடையாள அட்டை, மோட்டார் எண், நுழைந்த மணி.
கடைசிக் கட்டம், நோக்கம்.
ஆறு சனிக்கிழமையாக அதில்
‘பார்க்க’ என்று எழுதுகிறேன்.
யாரை என்று ரோக்கா கேட்டதில்லை.
மாடியில் எனக்கு யாருமில்லை என்பது
மூன்றாம் வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

சபையிலும் ஒரு படிவம் உண்டு.
சந்தித்தவர் எத்தனை, கைப்பிரதி எத்தனை,
ஒப்புக்கொடுத்தவர் எத்தனை.
போதகர் அருமைநாதன் அதைக்
காணிக்கைப் பையோடு எண்ணுவார்.
நான்: ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.
ரொட்டி சானாயின் எண்ணெய்க் கறை மட்டும்
வாரந்தோறும் கூடுகிறது.

எங்கள் இருவருக்கும் பொதுவானது மலாய்;
பாதியை அவர் உடைத்தார், மீதியை நான்.
சாப்பிட்டாச்சா, சம்பளம் வந்ததா, இதெல்லாம் சொல்ல முடிகிறது.
மீட்புக்குத்தான் சொல் அகப்படவில்லை.
‘அடகு மீட்கிற மாதிரி’ என்றேன்.
சட்டென்று நிமிர்ந்தார்.
ரோல்பாவில் நிலம் அடகில் இருக்கிறதாம்.
கடவுச்சீட்டு ஏஜெண்டின் இரும்புப் பெட்டியில்.
‘அதையும் மீட்பாரா?’

அன்று கைப்பிரதி பைக்குள்ளேயே இருந்தது.

பேதுருவுக்கு மேல்வீட்டில்
நாலு முனை கட்டிய துப்பட்டி இறங்கியது.
எனக்கு இறங்கியது எவர்சில்வர் டப்பா,
ஊரிலிருந்து வந்தவர் கொடுத்த எருமை வற்றல்.
மூக்கு ஒரு கணம் யோசித்தது.
இரண்டாம் துண்டை நானே எடுத்தேன்.

‘உங்களை யார் அனுப்பினார்கள்?’
அவர்தான் கேட்டார்.
புறப்பட்டுப் போங்கள் என்ற கட்டளையை,
மலைமேல் நின்ற பதினொருவரைச் சொன்னேன்.
தலையாட்டினார்.
‘என்னை ஏஜெண்ட். மூன்று பேரிடம் கடன்.’

ஐந்தாம் வாரம், கம்பம் தூக்கத் தாமதமென்று
கார்க் கண்ணாடியை இறக்கி ஒருவர் கத்தினார்,
‘பரதேசி!’
ரோக்காவுக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிந்தது.
கத்தியவர் எங்கள் சபையில் இரண்டாம் வரிசை.
அந்தச் சொல்லை நாங்கள் இருவரும்
உபாகமத்தில் சேர்ந்தே வாசித்திருக்கிறோம்:
வயலில் மறந்துபோன அரிக்கட்டு
பரதேசிக்கு, விதவைக்கு, திக்கற்ற பிள்ளைக்கு.
எகிப்தை நினைத்துக்கொள் என்று
அதே பக்கத்தில் இருக்கிறது.
எங்கள் எகிப்துக்கு ரப்பர் பால் வாசனை.

இன்று ஏழாவது சனி. மழை.
பேனாவை அவர் நீட்டவில்லை.
என் வரியை அவரே நிரப்பிவைத்திருந்தார்,
கடைசிக் கட்டத்தில் மட்டும் தன் எழுத்தில்.
மேலே ஒரு கோடு,
கொடியில் காயும் சட்டைகளாய்
அதில் தொங்கும் எழுத்துகள்.
பலகையில் உட்கார்ந்து, ஏட்டை மடியில் வைத்து,
விரலால் தடவிப் பார்த்தேன்.
கூண்டுக்கு வெளியே குடையில்லாமல் நின்றபடி,
‘வாசிக்கிறது விளங்குதா?’ என்றார்.

காசாவுக்குப் போகிற வனாந்தர வழியில்
ஒருவன் ஓடிவந்து கேட்ட கேள்வி.

பலகையில் நகர்ந்து
இடம் விட்டேன்.