அக்கரைக் கணக்கு

இன்றைக்கு நாற்பது.
போன மாசம் இருபத்தேழு.
குருமண்வெளித் துறையில் பாதை ஏறுகிறவர்கள்
நடுவாவியில் இன்னும் ஓரிருவரைக் கொன்றுவிட்டுத்தான்
மண்டூரில் இறங்குகிறார்கள்.

கொன்றவன் நான்.
மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு, உமி மூட்டைக்கு இவ்வளவு என்று
சில்லறை வாங்கிப் போடுகிற நான்.

களுவாஞ்சிக்குடிப் பொடியன் ஒருவன்
பக்கத்தில் நிற்பவளுக்குச் சொல்கிறான்:
"ஆள் ஆறடி.
தனிய நிண்டு மூண்டு நாள் பாலத்தைப் பிடிச்சவர்."
"மறுகா?"
"மறுகா என்ன, ஆள் செத்திட்டார்."
அவனுக்கு மிச்சக் காசு கொடுக்கிறேன்.
நான் ஐந்தடி மூன்று அங்குலம்.
இடது காதுக்குள் ஒரு வண்டு
அந்த ராத்திரியிலிருந்து இரைந்துகொண்டே இருக்கிறது.

மூன்று நாள் இல்லை, ஒரு ராத்திரி.
பாலமும் இல்லை.
பாலத்துக்கு இப்பால் ஒரு மதகு,
மாடு நனையாமல் ஒதுங்கக்கூட இடம் போதாது.
நான் சோற்றுப் பார்சல் கொண்டு போனவன்.
மூன்று பார்சல், பருப்பும் மாசிச் சம்பலும்.
போய்ச் சேர்ந்தபோது
நேசதுரை கழுத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.
மற்றவன் முதலே போய்விட்டிருந்தான்.
அவனுடைய வீட்டுப் பெயர் எனக்குத் தெரியாது.
தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி போடுவான்,
அது தெரியும்.

சுட்டேன், ஓம்.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு
கண்ணாக் காட்டுப் பக்கம்
மழைக்கும் இருட்டுக்கும் சுட்டேன்.
தனியே இருக்கப் பயம், சத்தம் வேண்டியிருந்தது.
ரவை முடிந்தது. நேசதுரையும் முடிந்தான்.
பசித்தது.
அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?
பசித்தது.
விடிவதற்குள் மூன்று பார்சலையும் தின்று முடித்திருந்தேன்.

வெளிச்சம் வந்தபோது எதிரில் ஒருவரும் இல்லை.
ஏன் திரும்பிப் போனார்கள் என்று
இன்றுவரை தெரியாது.
வயல் வரம்பில் எருமை ஒன்று செத்துக் கிடந்தது.
யாரோ ஒரு போடியாருடையது.
அதை நான் மறுக்கமாட்டேன்.

"நீ வாய் திறக்காத" என்றார் பொறுப்பாளர்.
"சனத்துக்கு இப்ப இது வேணும்."
திறக்கவில்லை.
அது எனக்குச் சுலபமாக இருந்தது.
பிறகு காலம் மாறி, முகாமில் விசாரித்தவன் கேட்டான்:
"அந்த ஆள் நீதானா?"
இல்லை என்றேன், அடித்தான்.
ஓம் என்றேன்.
இந்தச் சுண்டெலியா என்று சிரித்து, அதற்கும் அடித்தான்.

இந்தத் துறையில் என்னைத் தெரிந்தவ ஒருத்திதான்.
எருவில் வள்ளிப்பிள்ளை.
வெள்ளிக்கிழமைகளில் முருகனிடம் போவா.
காசு நீட்டுவா, வாங்கமாட்டேன்.
ஒரு சரை கசுக்கொட்டை தருவா, வாங்குவேன்.
எஞ்சின் சத்தம் ஒரு சீரானதும்
கிட்ட வந்து நிற்பா.
"கடைசியா என்ட புள்ள என்ன சொன்னவன்?"

கழுத்தில் ஓட்டை விழுந்தவன் என்ன சொல்வான்?
முதல் தரம், அம்மா என்றான் என்றேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அடுத்த வெள்ளி, தங்கச்சியைக் கேட்டான் என்றேன்.
வேறொரு வெள்ளி, மாமரம் காய்த்ததா என்று கேட்டான் என்றேன்.
மாமரம் இருந்ததோ என்னவோ,
அவ தலையை ஆட்டினா.
களுவாஞ்சிக்குடிப் பொடியனை நான் ஏன் கோபிக்க?
அவன் ஆளைத்தான் கூட்டுகிறான்.

இன்றைக்கு அவ அதைக் கேட்கவில்லை.
வாவியைப் பார்த்தபடி நின்றா.
செப்பலி ஒன்று துள்ளி விழுந்தது.
பிறகு, சும்மா கேட்பதுபோல்:
"அவன் அண்டைக்குச் சாப்பிட்டிட்டா போனவன், மகன்?"

காதுக்குள் வண்டு.
"ஓம்" என்றேன்.
"வயிறாரச் சாப்பிட்டான்."

பாதை மண்டூர்க் கரையில் முட்டியது.
சங்கிலியைக் கழற்றினேன்.
முதலில் மோட்டார் சைக்கிள்கள் இறங்கின.