பத்தாவது நிரல்

வின்னிபெக். மார்ச் நடு. வெளியே கழித்தல் பத்தொன்பது.
ஆறு இன்னும் வெள்ளைச் சாலை மாதிரிக் கிடக்கிறது.
இரண்டாம் மாடியில் எங்கள் வெள்ளம் மட்டும்
ஜனவரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வெள்ளத்துக்குப் பதினொரு மணி நேரம்.
காலையில் முடுக்கிவிட்டால்
இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம்
மோரிஸ் ஊரின் மண்கரை எவ்வளவு நனைந்ததென்று சொல்லும்.
துறை தந்த காசுக்குத் தொண்ணூறு வெள்ளம்தான்.
தெரியாதவை ஒன்பது:
பனியின் ஆழம், அது உருகும் வேகம், ஐஸ் அடைப்பு,
ஆற்றுப்படுகையின் சொரசொரப்பு,
அக்டோபரில் குடித்த தண்ணீரோடு உறைந்துபோன மண்,
இன்னும் நாலு.

ஒன்றை மட்டும் அசைத்துவிட்டு
மற்ற எட்டையும் கைகட்டி உட்காரச் சொல்வது
கிரெக் ஸ்விஸ்டுனின் வழி.
அப்படி உட்கார்ந்த ஏப்ரலை நான் பார்த்ததில்லை.

ஒவ்வொன்றையும் தொண்ணூறு துண்டாக நறுக்கினேன்.
எந்தத் துண்டும் இருமுறை வராமல்,
எந்த இரண்டை எடுத்துப் பலகையில் வைத்தாலும்
தொண்ணூறு யானைகள்
ஒன்றையொன்று வெட்டாமல் நிற்கும்படி.
இந்த யந்திரத்திடம் கேட்டதையே மறுபடி கேட்பது வீண்.
பதினான்காம் தசமம் வரை அதே பதில்.
சலித்துக்கொள்ளாது, மாற்றிச் சொல்லாது,
"அன்றைக்கு வேறு நினைவில் இருந்தேன்" என்னாது.

கேட்காத இடங்களுக்கு ஓர் ஊகம் நெய்தேன்.
கொடியில் கிளிப் மாட்டிய சேலை அது.
கிளிப் இருக்கும் இடத்தில் அசையாது.
நடுவில் எவ்வளவு உப்புகிறதோ
அவ்வளவு எனக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் முன்பே, யாரிடமும் சொல்லாமல்,
பத்தாவதாக ஒரு நிரல் சேர்த்திருந்தேன்.
எந்தச் சமன்பாட்டுக்குள்ளும் போகாத வெறும் எண்கள்.
வாசலிலேயே நின்றுவிடுவதால்
"செருப்பு" என்று பெயர்.
பட்டியலில் செருப்புக்குக் கீழே வருவது எதுவும்
வெறும் இரைச்சல்.

தொண்ணூறாவது வெள்ளம் வெள்ளிக்கிழமை வடிந்தது.

உருகும் வேகம் தனியே அரை அடி.
மண்ணின் ஈரம் தனியே அதற்குக் கொஞ்சம் மேல்.
இரண்டும் சேர்ந்த இரவில் மூன்றே கால்:
தனித்தனியே சாதுவான இரண்டு மைத்துனர்கள்
ஒரே பந்தியில் அமர்ந்த மாதிரி.

சொரசொரப்பு?
அதற்காக மூன்று வருடம் சண்டை,
இரண்டு ஆலோசனை நிறுவனங்கள், ஒரு ராஜினாமா.
செருப்புக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தது.

"செருப்பு என்றால் எந்த மாறி?" என்றார் கிரெக்.
சொன்னேன்.
கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்,
மறுபடி எடுத்தார்.
ராஜினாமா செய்தவர் அவருடைய நண்பர்.
முதலில் சிரித்தது அவர்தான். நன்றாகச் சிரிக்கவில்லை.

பிறகு ஈரத்தின் கோப்பைத் திறந்தேன்.
அந்தப் பக்கத்துச் சமவெளி முழுவதற்கும்
ஒரே ஓர் எண்.
மோரிஸுக்குத் தெற்கே ஆப்ராம் வீப்
அக்டோபர் இருபத்தெட்டில் தோண்டிய ஒரு குழி.
போன் செய்தேன்.

"கையில் பிடித்தால் உருண்டையாச்சு. தட்டினால் உதிர்ந்தது."
எவ்வளவு ஈரம் என்று மறுபடி கேட்டேன்.
"பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது."
ஒரே கேள்வி, இரண்டு பதில்.
ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக
யாரோடோ பேசுவது போலிருந்தது.

இப்போது இன்னொரு குழி முடியுமா என்றேன்.
மீன்பிடிக்கிற துரப்பணம் இந்த மண்ணுக்கு ஆகாது,
வேலிக்கம்பம் நடுவது இருக்கிறது,
சனிக்கிழமை பார்க்கலாம் என்றார்.
"அதே இடத்திலா?"
வேண்டாம், தள்ளி.
"எவ்வளவு தள்ளி?"
இதுவரை நீங்கள் நிற்காத இடமாக.

யோசித்தார். லைனில் காற்று.
அங்கே பக்கத்து வீட்டு நாய் கட்டியிருக்கிறது,
கேட்டுப் பார்க்கிறேன், என்றார்.