எட்டாவது உருண்டை

இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில்,
எங்களுக்கென்று ஒதுக்கிய பின்வரிசையில்.
ரிச்மண்டில் அன்று நல்ல பனி.
சிக்னலில் நின்று இன்ஜின் தணிந்தபோது
கேட்டது.
டிக்.

கடிகாரமில்லை.
கடிகாரத்துக்கு மூச்சு வாங்காது.

நான்கு வரிசை முன்னால்
பச்சைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரம்மா.
மடியில் மளிகைப் பை,
வெங்காயத்தாள் எட்டிப் பார்க்கிறது.
டிக். டிக்.
அவர் நெஞ்சுக்குள் என் கோலிக்குண்டு.

மருத்துவமனை அடித்தளத்தில், கொதிகலன் பக்கத்தில்
ஒரு லேத்தும் நானும்.
டாக்டர் ப்ராக்ஸ்டன் காகிதத் துண்டில் வரைந்து கொண்டுவந்தது
ஒரு கதவு.
"இரத்தம் முன்னால் மட்டும் போகணும், லெமுவேல்."
கதவுகள் கிழிந்தன.
மூன்று நாய்களை நான்தான் புதைத்தேன்.
கதவு வேண்டாம், உருண்டை போடுவோம் என்றேன்.
அப்பாவின் கிணற்றுப் பம்புக்குள் அப்படித்தான் இருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
காகிதத்தைத் திருப்பிப் போட்டு
மறுபடி வரைந்தார்.

அக்ரிலிக் கம்பியை வெட்டி
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைந்தேன்.
ஒடெஸாவின் கிழிந்த பட்டுக் கையுறையில்
பற்பசை தொட்டு மெருகேற்றினேன்.
மயிரிழைக் கீறல் போதும்,
இரத்தம் அதைப் பிடித்துக்கொண்டு உறைந்துவிடும்.
ஏழு உருண்டைகள் குப்பைக்குப் போயின.

எட்டாவதை ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள்.
யாரென்று சொல்லவில்லை.
சம்பளப் பட்டியலில் நான்
'கூட்டிப் பெருக்குபவர், அடித்தளம்'.
இதழில் கட்டுரை வந்தது, படத்தோடு.
உருண்டையைப் பிடித்திருக்கும்
கறுப்புக் கட்டைவிரல் ஒன்று.
கீழே எழுதியிருந்தார்கள்:
அளவு தெரிவதற்காக.

"யாரோட கெடியாரம்?"
முன்வரிசையில் ஒருவர் சிரித்தார்.
அந்த அம்மா கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்,
திருட்டுப் பொருளை மறைப்பவர் போல.

எழுந்து போய்ச் சொல்லலாம்தான்.
கோட்டைத் தாண்டினால்
டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிடுவார்.
எண்ணினேன்.
நிமிடத்துக்கு எண்பத்து நான்கு.
கொஞ்சம் வேகம்.
படியேறி வந்த களைப்பாக இருக்கும்.
தாளம் எங்கேயும் தவறவில்லை.

அவர் இறங்கினார்.
கண்ணாடி வழியே தொப்பி மட்டும் தெரிந்தது.
என் நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது.

அடுத்ததற்கு ரப்பர் பூசிப் பார்க்க வேண்டும்.
சத்தம் அடங்கிவிடும்.
பாவம், சர்ச்சில் எப்படி உட்காருவார்?

பூச வேண்டும்தான்.
பூசிவிட்டால்
எனக்கு எப்படித் தெரியும்?