டேப்பின் பூஜ்ய முனை

பூஜ்யம் எழுதிய முனை என் கையில்.
எப்போதும் அப்படித்தான்.
எண் கூடும் பக்கத்தை அளவையர் பிடிப்பார்,
பாண்டுங்கிலிருந்து வந்தவர்,
முழங்கால்வரை எங்கள் சேறு.

எங்கள் ஊர் சிஹாலிமுன்.
சி என்றால் நீர், ஹாலிமுன் என்றால் மூடுபனி.
இரண்டையும் அளக்க யாருக்கும் வராது,
அதனால் கரைகளை அளக்கிறோம்.

முதலில் ஓஹிமின் மீன்குளம்.
பதிவேட்டில் பதினேழு தும்பாக்.
(தும்பாக் என்றால் ஈட்டி.
ஈட்டியை மறந்து வெகுகாலம்,
கணக்கு மட்டும் கூராக நிற்கிறது.)
டேப்பில் பத்தொன்பதரை.
"வரப்பு தானாக நகர்ந்திருக்கும்" என்கிறார் ஓஹிம்
தவளையின் மேல் பழிபோடும் முகத்தோடு.
பக்கத்துக் குளத்துக்காரி எந்தின்
இடுப்பில் கைவைத்து நிற்கிறாள், பேசவில்லை.
போன மழையில் இரண்டு குளமும் ஒன்றாகி
அவள் கெண்டைகள் ஓஹிம் பக்கம் தங்கிவிட்டன.
வாலில் கறுப்பு மச்சமுள்ள ஒன்று
இன்றைக்கும் அவள் நிழல் விழுந்தால்
கரைக்கு வந்து வாய் திறக்கிறது.
படிவத்தில் மீனுக்குக் கட்டம் இல்லை.

பிறகு மேட்டுப் பலாமரம்.
நிலம் ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு,
சாலைமேல் நீட்டிய கிளை
கடனுக்கு ஈடாக மூன்று பருவம் சர்மனுக்கு.
அளவையர் பேனாவை மூடிவிட்டு
ஒரு சிகரெட் கேட்டார்.

மூன்றாவதுதான் தர்சிஹின் மனை.
நாற்பத்திரண்டு தும்பாக்.
மகள் நெனிஹைத் தைவானுக்கு அனுப்ப
ஏஜென்சிக்குக் கட்டிய தொகையும் இவ்வளவுதான்,
கிட்டத்தட்ட.
வாங்கியவர் ஒரே ஒரு விடியற்காலை வந்தார்,
பனியைப் பார்த்தார், போனில் பிடித்தார்,
விலை பேசாமல் தலையாட்டினார்.

மண்தான் போயிற்று. வீடு போகவில்லை.
கல்லின் மேல் நிற்கும் மரவீடு, யார் சொன்னாலும் கிளம்பும்.
வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து
முப்பத்தெட்டுப் பேர் மூங்கில் கொடுத்துத் தூக்கினோம்.
சுவரில் காலண்டர் ஆடியது.
உள்ளே பூனை இருந்தது,
பாதி வழியில்தான் தெரிந்தது.
மண் அடுப்பு மட்டும் வரமாட்டேன் என்று உடைந்தது.
சகோதரன் வயலோரம் இறக்கிவைத்தபோது
கதவு தவறான திசையைப் பார்த்தது.
"இருக்கட்டும்" என்றாள் தர்சிஹ்,
"காற்றுக்கு என்ன, சுற்றி வரட்டும்."

நாங்கள் அளக்கப் போனபோது அங்கே
ஒன்பது கற்கள்,
முப்பது வருடம் மழை தொடாத
ஒரு வெளுத்த செவ்வகம்.
மூங்கில் தரையின் இடுக்கு வழியே
விழுந்ததெல்லாம் அங்கே கிடந்தது:
செல்லாத காசு, பல்போன சீப்பு,
உண்மையான பல் ஒன்றும்.
மேல்வரிசைப் பால்பல்லைக்
கீழே போடுவதுதானே எங்கள் வழக்கம்.

தர்சிஹ் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.
வாங்கியவரின் ஆள் தொண்டையைச் செருமினார்.
"மனையும் மேலுள்ளவையும் என்றுதான் எழுத்து" என்றார்,
கோபமாகக்கூட இல்லை.
அவள் நிமிர்ந்தாள். சீப்பைத் திரும்ப வைத்தாள்.
காசையும்.
பல்லை எங்கே வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை.

என் பெருவிரலுக்கருகே என்னவோ மின்னியது.
காதுத்தோடு. ஒரு கிராம்கூடத் தேறாது.
நெனிஹ் ஐந்தாம் வகுப்பில் தொலைத்து
அடி வாங்கியது எனக்குத் தெரியும்,
அடுத்த பெஞ்சு நான்.
டேப்பை இழுத்துக்கொண்டு அதன்மேல் மிதித்தேன்.
"இறுக்கிப் பிடி, அசையாதே" என்றார் அளவையர்.
அசையவில்லை.
அந்த ஆள் பைக்கை உதைத்துப் போகும்வரை.

ஒரு சாண் குறைந்திருக்கிறது என்றார்
மறுநாள் கணக்குப் பார்த்தவர்.
பூஜ்ய முனை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.
கல்லோரம் என்றேன்.
எந்தக் கல் என்று கேட்கவில்லை.