கடவுளின் செயல்

பதினோராம் நாள் கடவுளின் தாடியில்
வகிடு வலப்பக்கம்.
பன்னிரண்டாம் நாள் இடப்பக்கம்.
இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மெழுகுவர்த்தி எத்தனை அங்குலம்,
அப்பத்தில் எத்தனை கடி,
பாவி முதலில் ஊன்றியது எந்த முழங்கால்,
எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

அயர்லாந்தின் மேற்குக் கரை. சின்னக் கதை.
ஊர்க் கோயிலின் பாடகர் குழுவில் சேரக்
கடவுள் வருகிறார்.
ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள்.
கடவுளாக மாலாக்கி கீஹான்,
தீவுப் படகில் டிக்கெட் கிழிப்பவர்.
அங்கிக்குள் மீன்காரர் பூட்ஸ்.

சாப்பிடப் பங்கு மண்டபத்தைத் தந்த
பாதிரியார் டெக்லன்
ஸ்கிரிப்டையும் கேட்டு வாங்கினார்.
இரண்டு நாள் நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.
"நாற்பதாம் பக்கத்தில் லத்தீன் தப்பு" என்றார்.
"அப்புறம், சான்றிதழோடு விடமாட்டோம்.
ஞானத்தந்தை பெயரையும் கேட்போம்."
படத்தில் எல்லாரும் சிரிக்கப்போவது
அந்த வரிக்குத்தான்.
பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை,
அவரே வேண்டாமென்றுவிட்டார்.

அக்டோபரில் ஒரு ராத்திரி காற்று வந்தது.
காலையில் எங்கள் அட்டைக் கோபுரம்
கடலில் குப்புறக் கிடந்தது.
சிலுவைமேல் ஒரு கடற்காகம்
இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தது.

காப்பீட்டுக் கம்பெனி மூன்று வரி எழுதியது:
கடவுளின் செயல். விதி ஒன்பது.
இழப்பீடு இல்லை.
அவனன்றி ஓர் அணுவும் அசையாதென்று
இன்னும் நம்புகிற ஒரே கம்பெனி.
இருபது வருஷமாக இல்லையென்று சொல்லிவரும்
இயக்குநர் லோர்கன்
தாளைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தான்.

சாயங்காலம் பாதிரியார் வந்தார்,
கையில் அதே கடிதம். அதே கையெழுத்து.
நிஜக் கோயிலின் கூரையில்
அறுபத்திரண்டு பலகைக்கல் போயிருந்தது.

இருவரும் உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினார்கள்.
"அது வெறும் காற்று.
கடவுளுக்கு இதில் யாதொரு சம்பந்தமுமில்லை."
பாதிரியார் கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினார்.
லோர்கன் வாங்கவில்லை.
"அவ்வளவு உறுதியா எழுதணுமா, ஃபாதர்?"

மண்டபத்தில் கெட்டில் மட்டும் இரைந்தது.
கடைசியில் போட்டான். சாட்சி வேண்டியிருந்தது.
தாடியைக் கழற்ற நேரமில்லாமல் நின்றிருந்த மாலாக்கி
குனிந்து, மெதுவாக,
தன் முழுப்பெயரை எழுதினார்.

பழக்கதோஷம், குறித்துக்கொண்டேன்:
வகிடு இடப்பக்கம்.
தேநீர் பாதிக் கோப்பை.
வெளியே காற்று, இருக்கிறது.