பச்சை மா

முதல் கேக் கல்லாய் வந்தது.
பிழை முட்டையில் இல்லை, சூட்டிலும் இல்லை.
அலுமாரிக்குள் இரண்டு வாளி,
இரண்டுக்குள்ளும் வெள்ளை.
ஒன்று புட்டுக்கென்று அவித்து அரித்து வைத்தது,
மற்றது கடையில் வாங்கினபடி, பச்சை.
கறண்ட் இல்லாத நேரம்
கை அவித்த வாளிக்குள் போய்விட்டது.
ஆவி கண்ட மா பிறகு கேக்குக்கு எழும்பாது.
அனிஸ்ரலா ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டு
"இதை நிலத்தில வைக்காதை, மெசின் கத்தும்" என்றாள்.

இப்போது அவித்த வாளியின் பிடியில்
சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன்.
எங்கள் வேலையில் சிவப்புக்கு அங்கால்
ஒருவரும் கால் வைப்பதில்லை.

மல்லாவியில் நாலு நாளாய் மழை.
மா ஈரம் குடித்து
பைக்குள்ளேயே கட்டி பிடித்துக் கிடக்கிறது.
விரலால் நசித்தால் உடைகிறது, அது சரி.
நூலோடு தொங்குகிறது என்றால் பூச்சிக்கூடு,
பை முழுக்கக் கோழிக்கு.

அள்ளுவதிலும் கள்ளம் உண்டு.
பைக்குள் சுண்டை அமத்தி அள்ளினால்
ஒரு சுண்டுக்குள் ஒன்றேகால் ஒளித்திருக்கும்.
முதலில் கரண்டியால் கிளறி விட்டு
மெல்லச் சொரிந்து,
தட்டாமல், குலுக்காமல்
கத்தி முதுகால் மேலே ஒரு வழிப்பு.
அதையும் நான் நம்புவதில்லை.
குடைக்குள் மாவைப் பொத்திக்கொண்டு
சந்திக்கடைத் தராசுக்குப் போவேன்.
இருநூற்றைம்பது கிராம்.
"வாங்கினதும் இஞ்சைதானே பிள்ளை,
திரும்ப ஏன் நிறுக்கிறாய்?"
என்கிறார் றூபன் அண்ணை.
நிறுத்துத்தான் தருகிறார்.

பிறகு அரிதட்டு.
கீழே போன மாதத்து நாட்காட்டித் தாள்.
ஒரு முழ உயரத்தில் பிடித்து
பக்கத்தில் விரலால் தட்டத் தட்ட
முதலில் பூரணை மறைகிறது,
பிறகு சம்பள நாள்,
பிறகு கரண்ட் பில் கட்டவேண்டிய வெள்ளி.
முதல் தரம் மா மட்டும்.
இரண்டாம் தரம் பேக்கிங் பவுடரும் கிள்ளு உப்பும்.
மூன்றாம் தரம் எதற்கென்று கேட்டால்
காற்றுக்கு என்பேன்.
கையில் எடுத்துப் பார், பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.
தராசு ஒத்துக்கொள்ளாது.

படம் எடுக்க வந்த ஒருவர்
"இரண்டும் ஒரே வேலைதானே, அரித்து அரித்துத் தேடுறது"
என்று அழகாய்ச் சொல்லிவிட்டுப் போனார்.
அவருக்கு முழங்கால் நோவு இல்லை.
அங்கே நாங்கள் அரிப்பதில்லை, சுரண்டுகிறோம்,
ஒரு சாண் மண்ணுக்கு ஒரு காலைப்பொழுது.
இங்கே நான் தும்மினால்
போவது ஒரு கரண்டி மா.

ஆனால் மூன்றாம் தரத்தில்
தட்டின் கம்பிவலையில் 'கிண்' என்று ஒன்று.

கை நின்றது.
மூச்சும்.
மாவைப் பக்கவாட்டில் இருந்து
விரல்நுனியால் ஒதுக்கி ஒதுக்கி,
மேலே இருந்து அமத்தாமல், ஒருக்காலும் அமத்தாமல்,
கண்டுபிடித்தேன்.
பையின் வாயில் அடித்திருந்த பின்.
நீளம் எட்டு மில்லிமீற்றர் இருக்கும் என்று
மனம் தன்பாட்டில் பதிந்துகொண்டது.

குசினியில் தனிய நின்று
கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.
நாலாம் தரமும் அரித்தேன்.

பட்டரும் சீனியும் வெளிறும்வரை அடிக்கலாம்,
கை சலிக்கும்வரை.
மா போட்டபின் அடிக்கக் கூடாது.
மூன்று பங்காய்த் தூவி
அகப்பையால் கீழிருந்து மேலே மடித்து,
வெள்ளைக் கோடு மறைந்ததும் விட்டுவிடவேண்டும்.
எனக்கு அந்த விடுதல்தான் கஷ்டம்.
இன்னும் ஒருக்கால், இன்னும் ஒருக்கால் என்று
கை கேட்கும்.
பதினொரு வருசமாய் அப்படிப் பழகின கை.

அனிஸ்ரலாவின் பெடியனுக்கு நாளைக்கு ஏழு வயது.
கேக்குக்கு மேலே உழவு மெசின் வேணுமாம்,
சிவப்பு நிறத்தில், கலப்பையோடு.
மஞ்சளில் தாறன் என்று சொல்லியிருக்கிறேன்.

காஸ் அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால்
முழங்காலில் இருக்கிறேன்.
ஓரம் எழும்பிவிட்டது,
நடு இன்னும் யோசிக்கிறது.
பதினெட்டு நிமிசம் கிடக்கிறது.
கதவைத் திறக்காதை, பிள்ளை.