எந்தக் கட்டத்தில்

வருகைப் பதிவேட்டில் ஆறு கட்டங்கள்.
பணி, ஓவர்டைம், சம்பள விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு,
தாமதம், குறிப்பு.
கோத்தகிரிச் சரிவில் இந்தத் தேயிலைத் தொழிற்சாலையில்
பதினோரு வருஷமாய் ஆட்களை
இவற்றுக்குள் அடைத்துவந்தேன்.
யாரும் பிதுங்கியதில்லை.

வியாழக்கிழமைகளில்
ஃபிட்டர் ஹாலன் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடித்து
நாலரைக்குத்தான் கேட்டைத் தாண்டுகிறான்.
கூடவே உலர்த்தி மூக்கையா.
கூடவே சல்லடைக் கூடத்துத் தவமலர்,
இடுப்பில் செருகிய முந்தானையும்
இமையில் தேயிலைத் தூசியுமாக.
இடைப்பட்ட நேரம் எங்கே போயிற்று என்று
கேட்க வேண்டியவன் நான்.
கேட்கப் போனேன்.

அடுப்புக்குப் பின்னால்
புகைபோக்கியின் கழுத்தில்
மஃப்ளர் சுற்றியதுபோல் ஓர் இரும்புக் குழாய்.
"சும்மா ஆகாசத்துக்குப் போற சூடு சார்,"
என்றான் ஹாலன், ஸ்பேனரைக் கீழே வைக்காமல்.

கீழே லைன் வீடுகள் இருபத்தாறு.
ஜனவரியில் வாளித் தண்ணீரில்
கண்ணாடிச் சில்லாய்ப் பனி மிதக்கும்.
விறகு விற்கிற விலைக்குப்
பிள்ளைகள் ஞாயிற்றுக்கு ஞாயிறு குளித்தன.
பிறகு அதுவும் இல்லை.
விரலிடுக்கில் தொடங்கிய சொறி
அங்கன்வாடிப் பாயில் வரிசையாய்ப் போனது.
முதலில் கவனித்தவள் தவமலர்.
அவளுக்குப் பிள்ளை இல்லை.

எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஓவர்டைம் என்றால் காசு கேட்கும் தாள்.
குறிப்பு என்றால் காரணம் கேட்கும்.
அன்றிரவு பேனாவை மூடித் திறந்து மூடி
'அடுப்புப் பராமரிப்பு' என்று எழுதினேன்.
வாழ்க்கையில் என் முதல் கள்ளக் கணக்கு.
கையெழுத்து அழகாய் வந்திருந்தது.

அடுத்த வியாழன் ஏழு பேர்.
அதற்கடுத்து பதினான்கு.
முகம் பார்த்துப் பேசாத இரண்டு யூனியன்காரர்கள்
ஒரே குழாயின் இரு முனையைப் பிடித்து
ஈரச் சரிவில் இறங்கினார்கள்.
அப்போதும் பேசவில்லை,
"மெல்ல" என்பதைத் தவிர.

பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன்.
பச்சை இலை விலை விழுந்தது விழுந்ததுதான்.
இரவு ஷிஃப்டில் தூங்குகிறவன் தூங்கினான்.
தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில் மூக்கையா எழுந்து
"வெந்நீரும் வேணும் சார், போனஸும் வேணும்" என்றார்.
மானேஜர் சிரித்தார்.
மற்ற யாரும் சிரிக்கவில்லை.
ஆனால் அடுப்பில் தீ தணிந்தால்
இப்போது ஒருவனும் இன்னொருவனைக் கூப்பிடுவதில்லை.
கையில் கிடைத்த கட்டையோடு தானே போகிறான்.
அந்தத் தீயின் மறுமுனையில்
இருபத்தாறு வாளிகள்.

மார்ச்சில் கோவையிலிருந்து நிரஞ்சனா மேடம் வந்தார்.
தலைமை அலுவலகத்தில் பணிப் பண்பாட்டுப் பிரிவு.
ஒரு கட்டு டி-ஷர்ட்.
ஜீப்பின் தலையில் ஆறடித் தகரப் பலகை:
'நோக்கத்தோடு உழைப்போம்.'
பதிவேட்டைப் புரட்டினார்.
"ஒரு அடுப்புக்கு இவ்வளவு பராமரிப்பா?"
என் காது சுட்டது.
பதில் சொல்லாமல் கீழே கூட்டிப்போனேன்.
குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
பின்னால் வந்தார்.
ஒரு தாய் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.
ஆவியில் பிள்ளை பாதிதான் தெரிந்தது,
அழுகை முழுதாய்க் கேட்டது.
மேடம் குழாய்க்கடியில் கையை நீட்டினார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார்,
"பலகையை எங்கே மாட்டலாம்?"
அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஹாலன் சொன்னான்:
"வால்வுக்கு மேல கூரை இல்ல மேடம்."

இப்போது அங்கேதான் இருக்கிறது,
எழுத்து உள்பக்கமாக.
விடிகாலை ஐந்துக்கு வால்வைத் திருகக் குனிந்து
அண்ணாந்து பார்ப்பவருக்கு மட்டும்
வாசகம் தலைகீழாய்த் தெரியும்.
இன்று என் முறை.
டார்ச் வெளிச்சத்தில் 'உழைப்போம்' படித்தேன்.
'நோக்க'த்தின் நடுவே ஆணி அடித்திருந்தது,
ஒரு சொட்டுப் பனி அதில் தொங்கியது.

கீழிருந்து குரல்:
"யாரு மேல? சூடு பத்தல!"
விறகெடுக்கப் போனேன்.